கொட்டகையின் ப்யூஸ்

இன்று வீட்டின் பழைய மெயின் போர்டைக் கழற்றியபோது, கருகிய கம்பியின் வாடையோடு வெள்ளைப் பீங்கான் ப்யூஸ் ஒன்று கைக்கு வந்தது. விருத்தாசலத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கும் இடத்தில் இருந்த தகரக் கொட்டகைக்குள் நினைவில் போய்விட்டேன்.

சூளையிலிருந்து வந்த பீங்கான்களில் அம்மாவும் மற்ற பெண்களும் பித்தளைத் தகடு முடுக்கி, மெல்லிய கம்பி கட்டி, ஒவ்வொன்றாகச் சோதனைப் பலகையில் சொருகுவார்கள். கம்பி வழியே மின்சாரம் சுற்றி வந்தால் பல்பு எரியும், எரியாதது கழிவுக் கூடைக்குப் போகும், பேச்சும் சிரிப்பும் மட்டும் ஓயாது.

பள்ளி ஆண்டு விழாவன்று மாலை எதைச் சொருகியும் பல்பு எரியவில்லை. கூடை நிறைந்தது. அத்தனையும் பிரித்துக் கட்டிய பிறகுதான் அம்மா என் நடனத்தைப் பார்க்க வரமுடியும் என்று புரிந்ததும், சலங்கையோடு நின்ற நான் அழ ஆரம்பித்தேன்.

"அழாதடி, மை கரையுது பாரு," என்று அம்மாவின் தோழி செல்வி அக்கா எனக்காக, தூசு பறக்கும் என்று யாரும் போடாத ஃபேனைப் போட்டார். அது சுற்றவில்லை.

"அடியே, ஊருக்கெல்லாம் ப்யூஸு செய்யறோம், நம்ம கொட்டா ப்யூஸ எவளாவது பாத்தீங்களா?" என்று செல்வி அக்கா கத்தினார்.

கொட்டகை மெயினில் இருந்த ப்யூஸ் கருகியிருந்தது. கழிவுக் கூடையிலிருந்தே ஒன்றை எடுத்து அம்மா அங்கே சொருகினாள்; சோதனைப் பலகையில் பல்பு எரிந்தது.

"நீ கெளம்புக்கா, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்," என்று அம்மாவை அனுப்பினார் செல்வி அக்கா.

ஆட்டத்தில் எனக்கு இரண்டு அடி தப்பியது. முன்வரிசையில் இருந்த அம்மா அதைக் கவனிக்கவில்லை. பக்கத்துப் பெண்ணிடம் ப்யூஸ் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.