லூட் வாசித்தவனின் மனுசி

பிள்ளையள், பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு இந்த நாட்டுப் பழைய அரசர்களையும் அவர்களுடைய சங்கீதத்தையும் படிப்பிக்கிறார்கள். படியுங்கோ, வேண்டாம் என்று சொல்லேல்லை. ஆனால் அந்தச் சங்கீதத் தாள்கள் கிடந்த கட்டிடத்தைக் கூட்டித் துடைத்தவன் நான். எனக்கும் சொல்லக் கொஞ்சம் இருக்கு.

கோப்பன்ஹேகனில் பழைய புத்தகங்கள் சேர்த்து வைத்திருந்த ஒரு கட்டிடம் அது. வாசிப்பறையில் ஒரு ஆராய்ச்சிக்காரர் இருந்தார். சைக்கிள் ஓடும்போது காற்சட்டையில் போடுகிற கிளிப்பை நாள் முழுக்கக் கழற்றாமலே திரிவார். பரோக் என்கிற பழைய சங்கீதக் காலத்துத் தொடக்கத்தில் கையால் எழுதின ஒரு இசைப் புத்தகம் அவருக்கு முன்னால் கிடக்கும். அதை எழுதினது ஆர், அது ஆருடைய கையிலிருந்து ஆருடைய கைக்குப் போனது என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய உத்தியோகம். ஒவ்வொரு தாளாக யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, தாள் செய்த ஆலையின் அடையாளம் உள்ளே தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகு கோப்பி குடிப்பார். பிறகு அதே தாளைத் திரும்பவும் பிடிப்பார். அவசரம் என்ன? எழுதினவன் செத்து முந்நூறு வருசம் தாண்டிவிட்டது.

எனக்கு அவசரம் இருந்தது. உங்கடை அம்மாவும் அக்காவும் யாழ்ப்பாணத்தில், செல் குண்டு விழுகிற இடத்தில் இருந்தார்கள். மற்றப் பிள்ளையளான நீங்கள் அப்போது பிறக்கவில்லை. அவர்களை இங்கே எடுக்க நான் மனுக் கொடுத்திருந்தேன். சட்டப்படி கிடைக்கவேண்டியது. குடிவரவு அலுவலகத்தில் போய்க் கேட்டால், "பார்க்கிறோம்" என்பார்கள். ஒருநாள் ஒரு அலுவலர் கேட்டார்:

"இந்தப் பெண் உங்கள் மனைவிதான் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?"

கலியாணப் பதிவுப் பத்திரமும் தாலி கட்டுகிற படமும் அவருடைய மேசையில்தான் கிடந்தன. உங்கள் ஊரில் காசு கொடுத்தால் எந்தப் பத்திரமும் எடுக்கலாமாமே என்றார். படத்தில் எனக்குப் பின்னால் என்னுடைய பெரியப்பா வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிறார். காசுக்குக் கள்ளப்படம் எடுக்கிறவன் கொட்டாவியையும் சேர்த்தா வாங்குவான்?

அதற்குப் பிறகு ஒருநாள் ஆராய்ச்சிக்காரர் துள்ளிக்கொண்டு வந்தார். அவருக்கு உதவிக்கு இருந்த பெண்ணையும், துடைப்பத்தோடு நின்ற என்னையும் கூப்பிட்டார். புத்தகத்தை எழுதினவன் ஒரு வெளிநாட்டானாம். லூட் என்கிற நரம்பு வாத்தியம் வாசிக்க, ஜேர்மன் பக்கத்திலிருந்து அரசரிடம் வந்தவனாம்.

"இந்தப் பக்கத்திலிருந்து கையெழுத்து மாறுகிறது, பாருங்கள். இது அவனுடைய மனைவி."

"எப்படித் தெரியும்?" என்று அந்தப் பெண் கேட்டா.

"வேறு யாராக இருக்கும்? பக்கத்தில் இருந்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவனோடு கப்பலில் வந்திருப்பாள்."

பேர் இல்லை, பத்திரம் இல்லை, கொட்டாவி விட ஒரு பெரியப்பாவும் இல்லை. அவனுக்குப் பிறகு புத்தகம் ஒரு பாதிரியாரிடம் போனதாம், பிறகு நெடுங்காலம் எங்கே கிடந்ததென்றே தெரியாதாம், பிறகு ஒரு பிரபு வீட்டுப் பரணில் வந்து முளைத்ததாம். இடையில் என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "சந்தேகப்படக் காரணம் இல்லை" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. உடைந்த டெனிஸ் மொழியில் கேட்டேன்:

"அந்த மனைவி வர அவன் எவ்வளவு காலம் காத்திருந்தான்?"

அவர் சிரித்தார். "காத்திருப்பதா? அரசருக்கு இசைக்காரர்கள் தேவைப்பட்டார்கள்."

என் கதையைச் சொன்னேன். சந்தேகப்படக் காரணம் இல்லை என்று எனக்கும் ஒரு வரி எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். அவருடைய முகம் சிவந்தது.

"அது என்னுடைய துறை இல்லை" என்று சொல்லி, திரும்பத் தாளை யன்னலுக்குப் பிடித்தார். செத்தவளை நம்புவது துறை. உயிரோடு இருக்கிறவளை நம்புவது துறை இல்லை. படிப்பென்றால் அப்படித்தானாக்கும்.

அறைக்கு வந்து, என்னோடு தங்கியிருந்த ஊர்த் தம்பி ஒருத்தனுக்குச் சொன்னேன். அவன் பருப்புக் கடைந்துகொண்டே சொன்னான்:

"அண்ணை, நீங்கள் பிழையாச் செய்துபோட்டியள். அண்ணியை ஒரு பாட்டு எழுதிப் பரணிலை போடச் சொல்லுங்கோ. முந்நூறு வருசத்திலை விசா வரும்."

"உனக்கென்ன, மனுவும் இல்லை, மனுசியும் இல்லை."

"நான் கலியாணமே கட்டேல்லை. ஆனா இப்ப கட்டுறதெண்டால் செத்தவளாப் பாத்துத்தான் கட்டுவன்."

எங்கள் தமிழ்ச் சனத்தின் மனுக்களை இந்த நாட்டு நீதி மந்திரி சொல்லித்தான் அசையாமல் போட்டுவைத்திருந்தார்கள் என்பது பிறகு வெளிவந்தது. சந்தேகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அதனால் கடைசியில் ஒரு அரசாங்கமே விழுந்தது. பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பாருங்கோ, இரண்டு வரி சொல்லுவார்கள். விழுந்தவர்கள் மெத்தையில் விழுந்தார்கள். செல்லுக்குப் பயந்து பங்கருக்குள் படுத்த உங்கடை அக்காவிடம் ஆரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை.

அரசாங்கம் விழ முன்னமே அம்மாவுக்கு விசா வந்துவிட்டது. விமான நிலையத்தில் அம்மா அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. நான் விட்டுவிட்டு வரும்போது தவழ்ந்துகொண்டிருந்த அக்கா, அம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மா, இவரோ அப்பா?"

"ஓம்."

"இவர்தானெண்டு வடிவாத் தெரியுமோ?"

"தெரியும்."

"தலை நிறையச் சுருள் மயிர் எண்டு சொன்னனீங்கள்?"

"குளிருக்குக் கொட்டுண்டு போச்சாக்கும். பையை அப்பாட்டைக் குடு."

அக்கா இன்னும் ஒருக்கால் என் தலையைப் பார்த்துவிட்டு, பையைத் தந்தாள்.