ஏழாவது மாடி விளக்கு

பிறை நகரிலிருந்து கடற்பாலம் வழியாகத் தீவுக்குத் திரும்பும் தொழிற்சாலைப் பேருந்தில் அவர் என் பக்கத்து இருக்கைக்காரர். ஒல்லியான உடம்பு, தொளதொளத்த சீருடை. பாலம் ஏறியதுமே பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்.

அவர் மனைவி தீவின் மறுகோடியில், பாலிக் புலாவ் மருத்துவமனையில் தாதி. பிறையில் குடியிருந்தால் மனைவிக்குத் தூரம், பாலிக் புலாவுக்குப் போனால் இவருக்குத் தூரம். மாதக்கணக்கில் தேடி, நடுவில் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டைப் பிடித்தார்கள்.

“ரெண்டு பேருக்கும் ஒரே தூரம்லா. யாரும் கொறை சொல்ல முடியாது.”

“அப்போ ரெண்டு பேரும் ஒண்ணா வீட்டுல இருக்கறது எப்போ, அண்ணே?”

சாவியைப் புரட்டிக்கொண்டே இருந்தார். “எனக்குக் காலை ஷிப்டுன்னா அவளுக்கு மத்தியானம். அவளுக்குக் காலைன்னா எனக்கு நைட்டு. தூரத்த மட்டும்தான் பாத்தோம், தம்பி.”

அன்று நானும் ஜெலுத்தோங்கில் இறங்கினேன். அவர் அண்ணாந்து ஏழாவது மாடியைப் பார்த்தார். வீடு இருட்டாக இருந்தது; மனைவி இன்னும் வந்திருக்கவில்லை. சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எதிர்க் கோப்பிக் கடைக்குப் போய், அந்த ஜன்னல் தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார்.

இப்போதும் அந்தப் பக்கம் போனால் முதலில் அந்த நாற்காலியைத்தான் பார்க்கிறேன். அது காலியாக இருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.