மைக்ரான் அக்காவின் ஒரு மில்லிமீட்டர்

பம்ப்புக்கான இரும்புத் தண்டுகள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு மைக்ரான் அக்கா என்று பெயர். தலைமயிரின் பருமனில் சின்னஞ்சிறு பங்கான ஒரு மைக்ரான் கூடினாலும் குறைந்தாலும் விரல் நுனியிலேயே கண்டுபிடித்துவிடுவாள் என்று ஃபோர்மேன் யாரிடமோ பெருமையடித்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அதில் கொஞ்சம் அளப்பும் உண்டு. அவள் மறுத்ததில்லை.

பதினோரு வருஷமாக அவளுக்கு ஒரே லேத், தண்டைச் சுழற்றிக் கடையும் இயந்திரம். சுழலும் தண்டின் மேல் வெட்டுளியான டூல் உரசும் சத்தத்தை வைத்தே அது மழுங்கிவிட்டதென்று சொல்லிவிடுவாள். டூலைத் தானேதான் தீட்டுவாள். வேறு யாரும் தொடக்கூடாது. தண்டின் பருத்த பகுதி முடிந்து மெலிந்த பகுதி தொடங்கும் இடத்தில் ஒரு படி வரும். அந்தப் படியின் உள்மூலையை நறுக்கென்று சதுரமாக வெட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஃபோர்மேன் முதலில் காட்டுவது அந்த மூலையைத்தான்.

வீட்டில் அவள் மூத்த மருமகள். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்தி உலோகவியலில் டிப்ளமோ முடித்தவள். வந்த ஆறாம் மாதமே அதே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். “நம்ம வீட்டுப் பொண்ணுதான், நல்லா செய்வா” என்று சிபாரிசு செய்தவளே மைக்ரான் அக்காதான். அப்படிச் சொன்ன தன் வாயை அவள் பிறகு எத்தனையோ தடவை நொந்துகொண்டாள்.

ஏனென்றால் இரண்டே வருஷத்தில் சின்னவள் உலைப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆகிவிட்டாள். வெள்ளைக் கோட்டு. கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு மேசை. நேற்றுவரை ‘ஏம்மா’ என்று கூப்பிட்ட ஃபோர்மேன் இன்று ‘மேடம்’ என்கிறார். வீட்டிலும் அதே கதைதான். மாமியார் மாத்திரைச் சீட்டைப் படிக்கச் சொல்வது சின்னவளிடம். சொந்தப் புருஷனே, எதைப் பேசினாலும் “அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ” என்கிறான். மைக்ரான் அக்கா பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாக வைப்பாள். சின்னவள் எழுந்து வந்து, “குடுங்கக்கா, நான் கழுவுறேன்” என்பாள். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

அந்த வருஷம் ஒரு புது ஆர்டர் வந்தது. வழக்கமான மெல்லிய எஃகு இல்லை; கரி கூடுதலாகச் சேர்ந்த கெட்டியான எஃகு. கடைந்த தண்டை உலையில் செக்கச்சிவக்கச் சூடேற்றி, சட்டென்று எண்ணெய்த் தொட்டியில் முக்க வேண்டும். எஃகு அப்போது கல்லாக இறுகும். இறுகியது நொறுங்கிவிடாமல் இருக்க, பிறகு ஒருமுறை மிதமாகச் சூடேற்ற வேண்டும். கடைவது மைக்ரான் அக்கா, இறுக்குவது ஓரகத்தி.

முதலில் நாற்பது தண்டுகள் போயின. பரிசோதனை மேசையில் அவற்றின் மேல் சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்துவிட்டு வெள்ளை மாவைத் தெளித்தார்கள். விரிசல் இருந்தால் உள்ளே ஒளிந்திருக்கும் சாயம் மேலே கசிந்து காட்டிக்கொடுக்கும். பதினேழு தண்டுகளில் மெல்லிய சிவப்புக் கோடு எழும்பி வந்தது.

மேனேஜர் எல்லார் முன்னிலையிலும் சின்னவளை நிற்க வைத்துக் கேட்டார். “எண்ணெய் சூடு பார்த்தீங்களா?”

“பார்த்தேன் சார். சரியாத்தான் இருந்துச்சு.”

“சரியா இருந்தா ஏன் வெடிக்குது?”

சின்னவள் சூட்டுக் குறிப்பேட்டைத் திரும்பப் புரட்டினாள். அன்று மத்தியானம் மைக்ரான் அக்கா நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

ஆனால் கை சும்மா இருக்குமா? சாயங்காலம் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், வெடித்த தண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதையும். கோடு எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருந்தது. படியின் உள்மூலையில், நகம் சிக்குகிற அதே இடத்தில்.

அவள் லேத்துக்குத் திரும்பி வரைபடத்தை விரித்தாள். மூலையைச் சுட்டும் அம்புக்குறியின் நுனியில், ஒரு மில்லிமீட்டர் ஆரத்தில் வளைவு வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதை அவள் முன்பே பார்த்திருந்தாள். படம் போடுகிறவன் ஏதோ அழகுக்குப் போட்டிருக்கிறான் என்று நினைத்து ஒதுக்கியிருந்தாள். மெல்லிய எஃகில் சதுர மூலை ஒன்றும் செய்யாது. இந்த எஃகோ, எண்ணெயில் விழுந்து சுருங்கும்போது தன் இழுவிசையையெல்லாம் அந்தக் கூரிய மூலையில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறது. பிளக்காமல் என்ன செய்யும்?

போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன்னால், டூலின் முனையைச் சாணைக்கல்லில் வைத்து மழுக்கி வளைவாக்கினாள். அன்று கடைந்த தண்டுகளில் மூலை வழவழவென்று வளைந்து வந்தது. இருபது தண்டுகள் உலைக்குப் போயின. ஒன்றுகூட வெடிக்கவில்லை.

மேனேஜர் சின்னவளிடம் சொன்னார். “இப்ப மட்டும் எப்படி சரியா வருது? அப்போ முதல் தடவை நீங்கதான் எங்கயோ கோட்டை விட்டிருக்கீங்க. என்ன ஆச்சுன்னு நாளைக்குள்ள எழுதிக் குடுங்க.”

இதற்காகத்தான் மைக்ரான் அக்கா இத்தனை நாளும் காத்திருந்தாள். ஆனாலும் மேனேஜர் பேசுகையில் அவளால் தலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் சின்னவள் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, தொழிற்சாலையிலிருந்து எடுத்து வந்த வெடித்த தண்டு ஒன்று, புதிய தண்டு ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். ஆண்கள் இன்னும் வரவில்லை.

“அக்கா, இதுல மூலை வெட்டினாப்ல இருக்கு. இதுல வளைவா இருக்கு. பாத்தீங்களா?”

“டூல் தேஞ்சிருக்கும்.”

சின்னவள் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். புரிந்துவிட்டது என்பது பார்வையிலேயே தெரிந்தது. கத்துவாள், புருஷனிடம் சொல்வாள், காலையில் மேனேஜரிடம் இரண்டு தண்டையும் தூக்கிக்கொண்டு ஓடுவாள் என்று மைக்ரான் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

சின்னவள் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

“என்ன எழுதுற?”

“என் தப்புதான்னு. உலைக்குள்ள விடுறதுக்கு முன்னாடி வரைபடத்த வெச்சு மூலைய நான் பாத்திருக்கணும்ல. பாக்கல. அது என் தப்புதானே?”

“மூலைய வெட்டினது யாருன்னு எழுதலியா?”

“அது எதுக்குக்கா? வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் மூஞ்சி பாத்துக்கணும்.”

மைக்ரான் அக்கா அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். படிப்பு அவளுக்கு, வெள்ளைக் கோட்டு அவளுக்கு, மாமியாரின் செல்லமும் அவளுக்கு. எல்லாம் போகட்டும். பெரிய மனசுக்காரி என்கிற பெயரையும் இவளே தட்டிக்கொண்டு போவதா? அதுவும் என் தப்பை வைத்தே? தன் பதினோரு வருஷமும் அந்தத் தாளுக்கு அடியில் பிச்சைக்காரி மாதிரி ஒண்டி நிற்பதாகத் தோன்றியது. அதை மட்டும் அவளால் பொறுக்கவே முடியவில்லை.

மறுநாள் மைக்ரான் அக்கா, சின்னவள் வழக்கமாக ஏறும் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே ஏறினாள். மேனேஜர் அறைக்கதவைத் திறந்தபோது, எண்ணெய்க் கறை படிந்த தன் வேலைக் கோட்டோடு எதிரில் நின்றாள்.

“சார், அந்தப் பதினேழும் என் வேலை. வளைவு போடணும்னு படத்துல இருந்துச்சு. நான் மதிக்கல. அப்புறம் கமுக்கமா டூல மாத்திட்டேன். அவ எழுதிக் குடுக்கிற தாள வாங்காதீங்க.”

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். “இத அப்பவே சொல்றதுக்கு என்ன?”

“சொல்லப் பிடிக்கல சார்.”

அவர் இரண்டு வாரம் அவளை லேத்தில் விடாமல் பரிசோதனை மேசையில் சாயம் தடவ வைத்தார். ஃபோர்மேன் அவளை நேருக்கு நேர் பார்ப்பதைத் தவிர்த்தார். வீட்டிலும் விஷயம் தெரிந்துவிட்டது. சின்னவள் மட்டும், “இப்படிப் போட்டு உடைச்சிட்டீங்களேக்கா” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மைக்ரான் அக்கா கையை விடுவித்துக்கொண்டாள். நன்றியை வாங்கிக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை.

மூன்றாவது மாதம் ஒரு புது ஏற்பாடு வந்தது. எந்த எஃகு, எந்த மூலை, எந்த வளைவு என்று வரைபடங்களைக் கடைசலுக்கு முன்பே இருவரும் சேர்ந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கேட்டு வாங்கியவள் சின்னவள். கண்ணாடித் தடுப்புக்குள் இன்னொரு நாற்காலி போடப்பட்டது. முதல் நாள் மைக்ரான் அக்கா உட்காருவதற்கு முன் நின்று பார்த்தாள். சின்னவளுடைய நாற்காலிக்குக் கைப்பிடி இருந்தது. இவளுடையதற்கு இல்லை.

“என்னக்கா பாக்குறீங்க?”

“ஒண்ணுமில்ல. அந்தப் படத்த இப்படித் தள்ளு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.