ஓரம் மட்டும் எப்படிச் சாயும்?

புள்ளி என்ற பெயரை முதலில் என் தம்பி வாயால்தான் கேட்டேன். அவன் லிஃப்ட் மெக்கானிக். வான ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் மூன்று நாள் வேலை செய்துவிட்டு வந்தவன், “அக்கா, அங்க புள்ளின்னு ஒரு பொண்ணு. நாள் பூரா காகிதத்துல புள்ளி வைக்குது” என்றான்.

“பெரிய புள்ளியோ?”

“இல்லக்கா, பென்சில் முனை அளவுதான்.”

அவன் சிரித்த சிரிப்பிலேயே விஷயம் விளங்கிவிட்டது. எங்கள் சித்தப்பா மகனும் பல் டாக்டரின் தங்கையைப் பற்றி இப்படித்தான் பேச ஆரம்பித்து, மூன்றே மாதத்தில் ஜோடியாக வந்து நின்றான். தம்பிக்கு ஐந்து மாதம் பிடித்தது.

கல்யாணமாகி இரண்டாம் வருடம் தம்பி லிஃப்ட் குழியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். நான் துணைக்குப் போய்த் தங்கினேன். நிலையத்தார் கொடுத்த இரண்டு அறை வீடு. புள்ளி ஏழு வருடமாகத் தற்காலிக ஊழியர். வேலை நிரந்தரமானால்தான் வீடு நிலைக்கும்.

அவள் வேலையை என் மரமண்டைக்கும் ஏறும்படி சொல்லியிருக்கிறாள். சில நட்சத்திரங்கள் சீராகப் பிரகாசமாகி மங்குமாம். ஒரு சுற்றுக்கு எத்தனை நாள் என்று பார்த்தால் அதன் நிஜமான வெளிச்சம் தெரியும். நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தோடு அதை ஒப்பிட்டால் தூரம் தெரியும். ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு புள்ளி. நம் சூரியனும் இருக்கிற அந்தப் பெரிய நட்சத்திரக் கூட்டம், பக்கவாட்டில் பார்த்தால் தட்டுப் போலத் தட்டையாக இருக்க வேண்டும் என்பது மேலதிகாரியின் முடிவு. நடுவில் அப்படித்தான் வந்தது. வெளி ஓரத்திலோ ஒரு பக்கத்துப் புள்ளிகள் மேலே ஏறின, எதிர்ப்பக்கத்துப் புள்ளிகள் கீழே இறங்கின.

ஒரு மதியம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது மேலதிகாரி அவள் புள்ளி வைக்கும் அளவை மேசையின் கால் பக்கம் குனிந்திருந்தார். அட்டையை மடித்து அடியில் செருகிவிட்டு நிமிர்ந்தார்.

“மேசை சாஞ்சிருக்கும்மா. அதான் இந்தக் கூத்து.”

“மூணு தடவை அளந்துட்டேன் சார். மேசை சாஞ்சா நடுவும் சேந்துதானே சாயணும்? ஓரம் மட்டும் எப்படிச் சாயும்?”

“அப்ப உன் கண்ணுதான் சாஞ்சிருக்கு.” பக்கத்து மேசைக்காரர் களுக்கென்று சிரித்தார். “வெள்ளிக்கிழமை குழு கூடுது. நிரந்தரப் பட்டியல்ல உன் பேரு இருக்கு. தப்பான புள்ளிய எடுத்துட்டுச் சுத்தமான தாளாக் குடு.”

அன்று மாலை அவள் வீட்டு ஜன்னலோரத்தில் கிடந்த இசைத்தட்டு ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். வெயிலில் கிடந்து கோணியிருந்தது.

“பாருங்க அண்ணி. நடுவுல சமமா இருக்கு. இந்த ஓரம் தூக்கி, அந்த ஓரம் இறங்கி… இப்படித்தான் இருக்கு அது.”

“ரெக்கார்டு கோணினா பாட்டு கெடும். வானம் கோணினா யாருக்குடி நட்டம்? புருஷன் படுத்துக் கிடக்கான். வீடும் போச்சுன்னா எங்க போவ? ஊரோட ஒத்துப் போ.”

“அவ இஷ்டம்க்கா” என்றான் தம்பி, சுவரைப் பார்த்தபடி.

“நீ சும்மா கிட!”

வியாழக்கிழமை அவள் ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நீக்கும் நட்சத்திரங்களைத் தள்ளுபடித் தாளில் எழுதி, காரணமும் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது அங்கே விதி. நாற்பத்தொரு நட்சத்திரம். ஒவ்வொன்றுக்கு நேராகவும் ‘என் அளவைப் பிழை’ என்று எழுதினாள்.

வேலை நிரந்தரமானது. வீடு நிலைத்தது. தம்பியும் மறுவருடம் கோலூன்றி நடந்தான். நான் புத்திசாலி என்று நானே மெச்சிக்கொண்டேன்.

பல வருடம் கழித்துச் செய்தித்தாளில் ஒரு படம் வந்தது. வேறெங்கோ யாரோ ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களை அளந்து வரைந்தது. ஒரு ஓரம் தூக்கி, மறு ஓரம் இறங்கி, அந்த இசைத்தட்டேதான்! எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கே படம் புரிந்துவிட்டது.

மறுநாள் அவள் பழைய தாளை ஆவண அறையில் தேடி எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாளாம். “அழிச்சாலும் பென்சில் பள்ளம் போகல அண்ணி.”

“உன் பேரு வந்திருக்கும். என் வாய்தான்…”

“பேரு கிடக்கட்டும். நாப்பத்தொண்ணும் சரியா அளந்தது. தப்புன்னு என் கையாலயே எழுதிட்டேனே.”

“எழுதச் சொன்னது நான்தானே?”

“சொன்னீங்க. கையெழுத்துப் போட்டது நானில்லையா?”

திட்டியிருந்தால் தேவலை. அந்தக் காரணத்தை அடித்துத் திருத்த அனுமதி கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். முடிந்த கோப்பைத் தொடக் கூடாது என்று மூன்று முறையும் பதில் வந்தது.

தள்ளுபடித் தாள் இன்னும் நிலையத்து அலமாரியில் இருக்கிறது. அவள் ஓய்வு பெற்று, நிலையத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மகள் வீட்டில், மூன்றாவது மாடிப் பின்னறையில் என் தம்பியோடு இருக்கிறாள்.