ஒரு முழம் கூடுதலாக வெட்டிய குழி

கண்ணளவு என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கொத்தனார். சேவுகப்பெருமாள் டேப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் தூங்குவான் என்று தேவகோட்டையில் கேலி பேசுவார்கள். பேசட்டும். வெட்டவெளியில் அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டி முடித்ததும் வீட்டுக்காரர் வந்து, "என்ன கொத்தனாரே, ரூம்பு கோழிக்கூடு மாதிரி இருக்கு?" என்று முகம் சுளிக்காத வீடு ஒன்றுகூட நான் கட்டியதில்லை. சுற்றிலும் வெளி கிடந்தால் பத்தடி சுருங்கித்தான் தெரியும். அதே இடத்தில் நாலு சுவர் எழும்பி ஒரு கட்டிலும் போட்டுவிட்டால், "பெருசாத்தான்யா கட்டியிருக்கீக" என்பார்கள். கண் எதையும் தனியாக அளக்காது. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும்.

ஹனிபாவோடு எனக்கு இருபது வருஷச் சண்டை இதில்தான். பள்ளிவாசல் மையவாடியில் கபுர்க்குழி வெட்டுகிறவர் அவர். மௌத்து விழுந்த வீட்டுக்குப் போய், கிடத்தியிருக்கிற மையத்தைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்ப்பார். வந்து வெட்டுவார். மற்றவர்கள் என்றால் கயிற்றில் அளவெடுத்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவருவார்கள். இவருக்குக் கயிறும் வேண்டாம், கம்பும் வேண்டாம். குழி என்னவோ சரியாகத்தான் இருக்கும், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். "ஒங்க டேப்பு தேஞ்சு போகும் கொத்தனாரே, எங்கண்ணு தேயாது" என்பார்.

போன ஆடியில் அவருடைய அண்ணன் ஷாகிர் இறந்துபோனார்.

அண்ணன் தம்பிக்குள் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. ஹனிபா தன் மகள் ஹசீனாவின் நிக்காஹ் பத்திரிகையை முதலில் சம்பந்தி வகையறாவுக்குக் கொடுத்துவிட்டு, நாலாம் நாள்தான் அண்ணன் வீட்டுக்குப் போனார். "தகப்பன் ஸ்தானத்துல இருக்கிறவனுக்கு மிச்சப் பத்திரிக்கையா?" என்று ஷாகிர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். கல்யாணத்துக்கும் வரவில்லை. அத்தா இறந்தபோது ஹனிபாவுக்கு ஆறு வயது, ஷாகிருக்குப் பதினாறு. தூக்கி வளர்த்தவரே அண்ணன்தான். அதனால் ரோசமும் இரண்டு மடங்கு. இரண்டு பேருமே வணங்காமுடிகள்.

ஹனிபா வெட்டுவாரா மாட்டாரா என்று தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. விடிந்ததும் கடப்பாரையோடு வந்துவிட்டார். ஆனால் அண்ணன் வீட்டுப் பக்கம் மட்டும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? ஷாகிரின் மகன் முனீர்தான் அளவுக்கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்தான். பக்கத்து மனையில் எனக்குச் சாரவேலை, அதனால் நானும் அங்கே நின்றேன்.

ஹனிபா கயிற்றை விரித்துப் பார்த்தார். "அளவு தப்பு. எங்கண்ணன் இதவிட ஒசரம்."

"இல்ல சின்னத்தா, நானேதான் அளந்தேன்."

"போடா. எங்கண்ணன எனக்குத் தெரியாதா?"

"கயிறு பொய் சொல்லாது பாய். ஒரு எட்டு வீட்டுக்குப் போயிப் பாத்துட்டு வந்துருங்க" என்றேன் நான். அவர் செம்மண்ணில் கடப்பாரையைப் போட்டார்.

மத்தியான லுஹர் தொழுகை முடிந்து சந்தூக்குப் பெட்டியில் ஷாகிர் வந்தார். குழிக்குள் தலைமாட்டில் ஹனிபாவும் கால்மாட்டில் முனீரும் இறங்கி நின்று வாங்கினார்கள். படுக்க வைத்தால், காலுக்குக் கீழே ஒரு முழம் சும்மா கிடந்தது. மேலே குறுக்காக அடுக்கி மூடுவதற்கு வந்த பலகைகள் முனீரின் கயிற்றுக்கு எண்ணி அறுத்தவை. ஒன்று குறையும் என்று பார்த்ததுமே தெரிந்தது. "யாருக்குய்யா வெட்டுன, ஒட்டகத்துக்கா?" என்று ஒரு பெரியவர் கடிந்துகொண்டார்.

வேறு நாளாக இருந்தால் முதல் ஆளாக நான்தான் திட்டியிருப்பேன். அன்று மனைக்கு ஓடிப்போய்ச் சாரப்பலகை ஒன்றை எடுத்து, ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக் கொண்டுவந்தேன்.

குழிக்குள்ளிருந்து ஹனிபா அண்ணாந்து என்னைப் பார்த்தார். "எங்கண்ணன் இம்புட்டுத்தானா கொத்தனாரே? இவுக தோளுல ஒக்காந்துதான நான் சந்தனக்கூடு பாத்தேன். கீழ குனிஞ்சு பாத்தா தலை சுத்தும்."

ஆறு வயதில் அண்ணாந்து பார்த்த ஆளை அவர் அதற்கப்புறம் அளக்கவே இல்லை. பன்னிரண்டு வருஷக் கோபத்திலும் அந்த அண்ணன் ஒரு விரற்கடை குறையவில்லை.

முனீர் மேலே ஏறிவிட்டான். ஹனிபா குனிந்து கபன் துணியின் தலைப்பக்க முடிச்சை அவிழ்த்தார். முகத்தை மேற்கே திருப்பி வைத்தவர், கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"அண்ணே" என்றார். "மொதப் பத்திரிக்க ஒங்களுக்குத்தான் வச்சிருக்கணும். தப்பு என்னோடதுதாண்ணே."

நாங்கள் பலகையை வைத்துக்கொண்டு நின்றோம். அவர் எழுந்திருக்கவே இல்லை.

முனீர்தான் கரையில் மண்டி போட்டு, "வாங்க சின்னத்தா" என்று கையை நீட்டினான். அந்த வீட்டு ஆள் அவரை "வாங்க" என்று கூப்பிட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.