ஈ.சி.ஜி. கட்டிலில் படபடப்புக்காரர்கள்

ஈ.சி.ஜி. எடுப்பது சுலபம், அதுவரைக்கும் ஆளைச் சும்மா படுக்க வைப்பதுதான் பெரும்பாடு. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கேரளத்துப் பாறசாலையில் ஒரு தனியார் கிளினிக்கில் இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். கை கால்களில் நாலு கிளிப், நெஞ்சில் ஆறு ரப்பர் குமிழ், ஒரு பொத்தான், அவ்வளவுதான். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதயத்தில் ஒன்றும் இருக்காது, வெப்ராளம்தான் இருக்கும். எங்கள் பக்கத்தில் பதற்றத்துக்கு அதுதான் பெயர். நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், ராத்திரி உறக்கம் வராது, காலையில் முதல் டோக்கனுக்கு வந்து நிற்பார்கள்.

இதை வாசிக்கிற உங்களில் பலரும், இடது பக்கம் சாய்ந்து படுத்தால் இதயம் காதில் கேட்கிறதே என்று புரண்டு படுக்கிற கோஷ்டிதான். வெட்கப்பட வேண்டாம், நானும் அதில்தான் இருக்கிறேன். எட்டு மாதமாக எனக்கும் படபடப்பு. என் அப்பா ஐம்பத்தொரு வயதில் நெஞ்சுவலியில் போனார். எனக்கு இப்போது ஐம்பத்தொன்று நடக்கிறது. ஒரு நாளைக்கு இருபது பேருக்கு எடுக்கிறவள் எனக்கு மட்டும் எடுத்துப் பார்க்கவில்லை. பயம்தான், வேறென்ன? ஆனாலும் கட்டிலுக்கு வந்தவர்களிடம் "ஒண்ணும் பேடிக்காதீங்க" என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜெபமும் கிராஃபும்

திருப்புறத்திலிருந்து தங்கபாய் டீச்சர் வந்திருந்தார். ஓய்வுபெற்றவர், சர்ச்சில் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. படுத்ததும் கண்ணை மூடி ஜெபம் தொடங்கிவிட்டார். உதடு அசைய, தோள் அசைய, தாளில் கோடு முள்வேலி மாதிரி வந்தது. "டீச்சர், ஒரு நிமிசம் ஜெபத்த நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். உடனே துடிப்பு நூற்றிருபதுக்கு ஏறிவிட்டது. ஜெபித்தால் கோடு கெடுகிறது, நிறுத்தினால் இதயம் ஓடுகிறது.

மூன்று தாள் வீணான பிறகு, "நீங்க சும்மா கிடங்க, நான் ஜெபிக்கேன்" என்றேன். எனக்கு ஜெபம் சுமாராகத்தான் வரும். டீச்சருடைய சுகத்துக்கு, மழைக்கு, மிஷின் மக்கர் பண்ணாமல் இருப்பதற்கு என்று வாயில் வந்ததையெல்லாம் வேண்டினேன். டீச்சர் அசையாமல் கிடந்தார். அருமையான கிராஃப். சந்தோஷத்தில் நான் ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளிப்பைக் கழற்றினேன். டீச்சர் சேலையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "பிள்ளே, ஆமென் சொல்லாம விட்டுட்டியே, அதச் சொல்லீட்டு அடுத்த ஆளை விளி."

வளைகுடாவிலிருந்து வந்த வாட்ச்

அம்பூரியில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற சுகுமாரன் அண்ணன் ஒரே மாதத்தில் மூன்று முறை வந்துவிட்டார். மூன்று கிராஃபும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வருகிற மாதிரி சுத்தம். கையில் ஒரு புது வாட்ச். வளைகுடாவில் இருக்கிற மகன் அனுப்பியது. அப்பாவுடைய நெஞ்சுத் துடிப்பு அங்கே மகனுடைய போனில் தெரியுமாம். மூன்றாம் முறை கிளிப் மாட்டியிருக்கும்போதே அண்ணனின் போன் அடித்தது. எண்பதில் நின்ற துடிப்பு நூற்றுப் பதினெட்டுக்குப் போனதை நான் மிஷினிலேயே பார்த்தேன்.

விசாரித்தால் கதை இதுதான். அண்ணன் மேட்டில் ஏறுவார், துடிப்பு கூடும். மகன் அங்கிருந்து, "அப்பா, நூத்திப் பத்து! நடக்காதீங்க, அப்படியே இருங்க!" என்று அலறுவான். இவர் பயந்து நூற்று முப்பதுக்குப் போவார். அதைப் பார்த்து அவன் மறுபடியும் போனில் விளிப்பான். "வாட்ச்சை ஞாயித்துக்கிழமை மட்டும் கெட்டுங்க அண்ணே" என்றேன். அவர் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "மகனுக்குப் பாசம் உண்டு மக்கா, இல்லேன்னு சொல்லல்ல, ஆனா அவன் விளிக்காத அன்னைக்கு எனக்கு ஒரு சீக்கும் இல்ல, கேட்டியா?"

இக்கரை மருந்து, அக்கரை மருந்து

காரோட்டில் மீன் விற்கிற செல்வி தள்ளாடிக்கொண்டே வந்தாள். போன மாதம் நூற்றுப் பத்தில் ஓடிய நெஞ்சு, இப்போது நாற்பத்தெட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது. எங்கள் கிளினிக் டாக்டர் மருந்தைக் காட்டச் சொன்னார். பையிலிருந்து இரண்டு கவர் வந்தது. நெஞ்சு படபடக்கிற விஷயத்தை நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடமும், உறக்கம் வராத விஷயத்தை எல்லை தாண்டி மார்த்தாண்டத்தில் இன்னொருவரிடமும் சொல்லியிருக்கிறாள். ஒருவர் எழுதியது வெள்ளை மாத்திரை, மற்றவர் எழுதியது ரோஸ் மாத்திரை. அட்டையில் பொடி எழுத்தைப் படித்தால் இரண்டும் துடிப்பைக் குறைக்கிற ஒரே மருந்து.

எல்லையோரத்தில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் சகஜம். அரிசி அங்கே, மீன் இங்கே, டாக்டர் இரண்டு பக்கமும். ஒன்றை உடனே நிறுத்தச் சொல்லி டாக்டர் கோபித்துக்கொண்டார். செல்வி கொஞ்சமும் அசரவில்லை: "ரெண்டு ஸ்டேட்டு மருந்தல்லியா டாக்டரே, ஒண்ணுக்க விசயத்தில ஒண்ணு தலையிடாதுன்னு நெனச்சேன்."

என் முறை

ஒரு வியாழக்கிழமை ஒருவருக்குக் குமிழ் வைக்கும்போது, "சிஸ்டரே, நடுங்குறது உங்க கையாக்கும்" என்று அவர் சொல்லிவிட்டார். மதியம் அறைக் கதவைச் சாத்திவிட்டு நானே படுத்து, நானே மாட்டிக்கொண்டு, பொத்தானை அழுத்தினேன். தாளைப் பார்த்ததும் உயிர் போய்விட்டது. முதல் வரியே தலைகீழாக இருந்தது. அப்பாவின் முகம் வந்தது. மகளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லையே என்று அழுதுகொண்டே தாளை எடுத்துக்கொண்டு அடுத்த அறையிலிருந்த டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பப் படுக்கச் சொன்னார். சிவப்பு கிளிப் வலது கைக்கு, மஞ்சள் இடது கைக்கு, அதுதான் முறை. எதிரே படுத்திருக்கிறவர்களுக்கு மாட்டியே பழகிய கை, எனக்கு மாட்டும்போது இடம் மாற்றி மாட்டியிருக்கிறது! வேறு யாருடைய தாளாக இருந்தாலும் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பேன். என் நெஞ்சு என்றதும் இருபத்திரண்டு வருடமும் பறந்துவிட்டது. சரியாக மாட்டி எடுத்தார். கோடு ஒழுங்காக ஓடியது. பிறகு பிரஷர் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், எட்டு மாதக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "லில்லி சேச்சீ, ஹார்ட்டுக்கு ஒண்ணும் இல்ல, வெப்ராளமாக்கும், அதுக்கு சிகிச்சை உண்டு; ஆனா எட்டு மாசமா இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நான் இருந்தேனே, ஒண்ணு தட்டியிருக்கக் கூடாதா?"

இப்போது ஓரளவு நன்றாகவே உறங்குகிறேன், ஆனால் நடுவில் விழிப்பு வந்தால் மட்டும், நெஞ்சு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று ஒரு தடவை நாடி பிடித்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.