ஆவுடைத்தாய் சிஸ்டரின் பீரோச் சாவி

ஆவுடைத்தாய் சிஸ்டர் வீட்டு டிவி ரிமோட்டுக்கு இன்றைக்கும் பிளாஸ்டிக் உறை உண்டு. கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடம் ஸ்டிக்கர்கூடக் கிழியாமல் பரணில் இருக்கிறது. வீட்டுக்காரர் முத்துக்கிருஷ்ணன் ஒருதரம் புது டம்ளரில் காபி குடித்துவிட்டு வாரம் முழுக்கப் பேச்சு வாங்கினார். சிஸ்டர் ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் மூட்டை தூக்கியவரின் மகள். ஒரே பாவாடையை ஓரம் பிரித்துப் பிரித்துத் தைத்துக் கட்டி வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் புத்தி வராமல் என்ன செய்யும்? வீட்டோடு நின்றிருந்தால் யாருக்கும் நட்டமில்லை.

ஆமத்தூர் தாண்டி சிவகாசி ரோட்டுப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் மூத்த நர்சு. ஊர்ப்பெயர் வேண்டாம். பிரசவம் பார்ப்பதில் கெட்டிக்காரர். பட்டாசு கம்பெனிப் பெண்கள் வலி வந்தால் சிவகாசிக்குப் போகாமல் அவரைத் தேடி வருவார்கள். இரண்டாயிரத்து எட்டாம் வருசம், பிறந்து அழாத பிள்ளைக்கு மூச்சுக் கொடுக்கும் பயிற்சிக்கு அவரை விருதுநகருக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து புதிதாக ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்த நர்சுப் பெண்களுக்கும், சுற்றுவட்டக் கிராம நர்சுகளுக்கும் அவர்தான் சொல்லித்தர வேண்டும். கையோடு ஒரு ரப்பர் பொம்மையையும், ஆம்பு பை என்கிற மூச்சுப் பையையும் கொடுத்துவிட்டார்கள்.

நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். "பிள்ள அழலைனா முதல் நிமிசத்துலயே மூச்சுக் குடுத்தாகணும். அந்த நிமிசம் போச்சுனா போனதுதான்" என்று அவர் சொன்னபோது சில பெண்களுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் புது ஒப்பந்த நர்சுகளில் ஒருத்தியான வேல்விழி எழுந்து பையை வாங்கக் கை நீட்டியதும் சிஸ்டரின் முகம் மாறிவிட்டது.

"தொடாதடி. ரப்பர் கிழிஞ்சா மேல யாரு பதில் சொல்றது? கண்ணால பாத்துக்கோங்க, போதும்."

"ஒரே ஒரு தடவ அமுக்கிப் பாத்துக்கிறேன்க்கா."

"அமுக்கிக் கிழிச்சது போதும். போயி வார்டப் பாரு."

வகுப்பு முடிந்ததும் பொம்மை அதன் பெட்டிக்குள் போனது. பை அதன் கவருக்குள் போனது. இரண்டும் பச்சைப் பீரோவுக்குள் போயின, சாவி சிஸ்டரின் இடுப்புக்குப் போனது. அவருக்கு முன்னால் இருந்த நர்சம்மா ஓய்வு பெற்றபோது ஒரு எடை மெஷின் காணோம் என்று பென்ஷனை இழுத்தடித்தார்கள். அந்தப் பயம் இவருக்கு எலும்பிலேயே ஏறியிருந்தது. அரசாங்கப் பொருளைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்ற பெருமை வேறு.

அடுத்த பங்குனிப் பொங்கல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் லீவு போட்டுவிட்டு விருதுநகர் மாரியம்மன் கோயிலில் குடும்பத்தோடு நின்றிருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரும் இல்லை, நர்சு என்று வேல்விழி மட்டும்தான். மத்தியானம் கம்பெனியில் வெடிக்கட்டு பேக்கிங் செய்கிற பானுப்பிரியா வலியோடு வந்தாள். கூட மாமியார் சின்னத்தாய். தலைப்பிள்ளை. பிரசவம் சுகமாகத்தான் நடந்தது. ஆண் பிள்ளை. ஆனால் அழவில்லை.

வேல்விழி வாயைத் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், பாதத்தைச் சுண்டினாள். பீரோவுக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. போனை எடுத்தாள்.

"அக்கா, பிள்ள அழலக்கா! சாவி எங்கனக்கா இருக்கு?"

கொட்டுச் சத்தத்துக்கு நடுவே சிஸ்டரின் கை இடுப்புக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது.

"பீரோவ உடைச்சிரவாக்கா?"

உடை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாசலில் காவலாளி பெத்தணன் கடப்பாரையோடு இருந்தார். ஆனால் சிஸ்டரின் மனசில் வந்து நின்றது என்ன தெரியுமா? பச்சைப் பெயிண்ட் அடித்த அந்தப் பீரோக் கதவு.

"உடைக்காதடி. இந்தா, ஆட்டோ பிடிச்சு வந்துர்றேன்."

விருதுநகரிலிருந்து! அரை மணி நேர வழி. முதல் நிமிசத்தைப் பற்றி அத்தனை பேருக்குப் பாடம் எடுத்த வாய் அது. ஆட்டோவில் பாதி வழியில்தான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. திரும்பப் போன் போட்டார். எடுக்க ஆளில்லை. ரோட்டோரம் பட்டாசு கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஒவ்வொரு அறை வாசலிலும் தீயணைக்கிற சிவப்பு மணல் வாளி திறந்தபடி தொங்கியது. ஒன்றுக்கும் பூட்டு கிடையாது. சிஸ்டர் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

வேல்விழி தன் வாயை வைத்து ஊதிப் பார்த்திருக்கிறாள். கொஞ்சம் துடிப்பு வந்திருக்கிறது. நூற்றியெட்டு வண்டியில் ஏற்றினார்கள். விருதுநகர் போய்ச் சேருவதற்குள் பிள்ளை போய்விட்டது.

பழி வேல்விழி மேல் விழுந்தது. சின்னப் பெண், வேலை தெரியாதவள் என்று ஊரே பேசியது. அவள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. டாக்டர் கூப்பிட்டுக் கேட்டபோதும் அவள், "மூச்சு வரல சார்" என்றதோடு நிறுத்திக்கொண்டாள். சாவியைப் பற்றி வாயே திறக்கவில்லை. எப்போதும்போல, "டீ குடிக்கிறீகளாக்கா?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் சிஸ்டருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்த டீயைக் குடிக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. குடிக்காமல் இருக்கவும் வெட்கமாக இருந்தது. குடித்தார். பேசாமலும் இருந்தார். அதுதான் அவர் செய்ததிலேயே கேவலம், அவருக்கே அது தெரிந்திருந்தது.

தையலைக் காட்டப் பானுப்பிரியா வந்தாள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. சின்னத்தாய் வேல்விழியைக் கண்டதும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு சிஸ்டரின் கையைப் பிடித்தாள்.

"நீங்க இருந்திருந்தா எம்பேரன் பொழைச்சிருப்பான் தாயி. எங்க கெட்ட நேரம், அன்னைக்குன்னு நீங்க இல்லாமப் போயிட்டீக."

ஊசி மருந்துத் தட்டோடு நின்ற வேல்விழி தலையைக் குனிந்துகொண்டாள்.

சிஸ்டர் கையை உருவிக்கொண்டார். "அவளச் சொல்லாதீக. பிள்ளைக்கு மூச்சுக் குடுக்குற பை இங்கனயேதான் இருந்துச்சு. பீரோவுல வச்சுப் பூட்டிட்டு சாவிய நான் கொண்டு போயிட்டேன். உடைக்கவான்னு அவ கேட்டா. நான்தான் வேண்டாம்னேன்."

சின்னத்தாய்க்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாயில் புடவையை வைத்துப் பொத்திக்கொண்டாள். பானுப்பிரியா அழவில்லை, ஏசவுமில்லை.

"அதக் கொஞ்சம் காட்டுங்க" என்றாள்.

சிஸ்டர் பீரோவைத் திறந்தார். கவரைப் பிரித்து நீட்டினார். ஒரு தென்னங்குரும்பை அளவுதான் இருக்கும் அந்தப் பை, புத்தம் புதுசு. பானுப்பிரியா வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். வாய்ப்பக்கத்தைத் தன் கன்னத்தில் வைத்து அமுக்கினாள். புஸ்ஸென்று காற்று வந்தது. இன்னொரு தரம் அமுக்கினாள்.

"இம்புட்டுத்தானா நர்சம்மா?"

"இம்புட்டுத்தான்மா" என்றார் சிஸ்டர்.

அன்றைக்கே டாக்டரிடமும் போய்ச் சொன்னார். அவருக்கு ஊதிய உயர்வு நின்றது, வேல்விழிக்கு வேலை நிலைத்தது. பை இப்போது பிரசவ மேஜைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. பொம்மை பல கை பட்டு, கழுத்தில் பிளாஸ்திரி ஒட்டிக் கிடக்கிறது. பயிற்சி நாளில் சிஸ்டரே ஒவ்வொரு பெண்ணின் கையிலும் பையைத் திணித்து, "அமுக்கு, கிழியட்டும்" என்கிறார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அந்தப் புஸ் சத்தம் கேட்கும்போது யார் முகத்தையும் அவரால் பார்க்க முடிவதில்லை.